ஏ.சி.யைக் கழற்றிய காரில் ஹீட்டர் ஒழுங்காக இயங்க: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

நீலகிரியில் கார் வைத்திருப்பவர்களுக்கு ஏ.சி. தேவைப்படும் நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஹீட்டர் அப்படியல்ல. உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளிலும், தென்மேற்குப் பருவமழை விடாமல் பெய்யும் ஜூன், ஜூலையிலும் அது அன்றாடத் தேவை. ஆகவே இருபது ஆண்டு ஓடிய வண்டியில் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் அரித்துக் குளிரூட்டும் கேஸ் முழுவதும் வெளியேறி, அந்தக் கேஸை அழுத்தும் கம்ப்ரஸரும் இறுகிவிட்ட நிலையில், அத்தனையையும் புதிதாக வாங்கிப் போடுவதைவிட ஏ.சி.யையே கழற்றிவிடலாம் என்று உரிமையாளர் முடிவெடுப்பது நியாயமானதே. எங்கள் வீட்டு மாருதி 800-க்கும் வயது காரணமாக அந்த நிலை வந்தது; சமவெளியில் ஒரு பட்டறையில் கழற்றினோம். கழற்றும் வேலை ஒரே நாளில் முடிந்துவிட்டது. அதன் பின்விளைவுகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் சரிசெய்ய ஒரு மழைக்காலம் முழுவதும் தேவைப்பட்டது. அப்போது கற்றவற்றையும், அதன் பிறகு அக்கம்பக்கத்து வண்டிகளில் பார்த்தவற்றையும் இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

முதலில் ஓர் அடிப்படை. ஹீட்டருக்கும் ஏ.சி.க்கும் இயக்கத்தில் எந்த உறவும் இல்லை. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட், டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் என்ற சிறிய ரேடியேட்டர் வழியாகவும் ஓடுகிறது. ப்ளோயர் அதன் மீது காற்றை ஊதுகிறது. காற்று சூடாகி உள்ளே வருகிறது. ஏ.சி.யின் கம்ப்ரஸர், கேஸின் சூட்டை வெளியேற்ற ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சர், கேஸின் ஈரத்தை உறிஞ்சும் ட்ரையர், கூலிங் காயில் ஆகியவை தங்களுக்குள் மூடப்பட்ட வேறொரு சுற்று. ஆனால் இரண்டும் சிலவற்றைப் பொதுவாகப் பயன்படுத்துகின்றன: டேஷ்போர்டுக்குள் காற்று செல்லும் வழி, எஞ்சின் முன்புறப் பெல்ட், ரேடியேட்டர் விசிறி, மின் இணைப்புகள், எஞ்சின் அறைக்கும் பயணிகள் பகுதிக்கும் நடுவிலுள்ள ஃபயர்வாலின் துளைகள். ஏ.சி.யைக் கழற்றிய பின் தோன்றும் கோளாறுகளில் அநேகமாக எல்லாமே இந்தப் பொதுவான இடங்களில்தான் பிறக்கின்றன. எந்த அறிகுறியானாலும், எது பொதுவாக இருந்தது, அதில் எதை எடுத்தோம் என்று கேட்டுக்கொண்டு தொடங்கினால் பாதி நேரம் மிச்சமாகும்.

இன்னும் கழற்றாதவர்களுக்கு இரண்டு சொற்கள். அமைப்பில் கேஸ் மிச்சமிருந்தால் குழாயைத் தளர்த்திக் காற்றில் விடக் கூடாது. கார் ஏ.சி.யில் பயன்படும் ஆர்-134ஏ கேஸ் ஓசோன் படலத்தைச் சிதைப்பதில்லை என்றாலும், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்கக்கூடியது. அதனால்தான் 2016-ஆம் ஆண்டின் கிகாலி ஒப்பந்தம் இவ்வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது. உடனடி ஆபத்தும் உண்டு: அது மைனஸ் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதிப்பதால், பீய்ச்சி அடிக்கும்போது கையில் பட்டால் தோல் உறைந்துவிடும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கேஸை மீட்டெடுக்கும் இயந்திரம் உள்ள ஏ.சி. பட்டறையில் கொடுத்து முதலில் அமைப்பைக் காலி செய்யுங்கள்.

இரண்டாவது என் தனிப்பட்ட முடிவு. போனட்டுக்கு அடியில் இருப்பவற்றைக் கழற்றுங்கள். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் பெட்டியை அதன் இடத்திலேயே விட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் காயில் தூசி அடைத்துக் காற்றைத் தடுத்தால், பெட்டியைப் பிரித்துக் காயிலை மட்டும் உருவிவிட்டு, வெற்றுப் பெட்டியை மீண்டும் மூடிப் பொருத்துங்கள். இதற்கான காரணம் முதல் அறிகுறியிலேயே விளங்கிவிடும்.

ப்ளோயர் சத்தம் கேட்கிறது, ஆனால் காற்று மெலிதாகத்தான் வருகிறது

மாருதி 800, ஜென், பழைய ஆல்டோ போன்ற வண்டிகளில் டேஷ்போர்டுக்குப் பின்னால் மூன்று பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன. இடதுபுறம் முன் பயணியின் கால் பக்கத்தில் ப்ளோயர், அதையடுத்துக் கூலிங் காயில், அதற்கும் அடுத்து டேஷ்போர்டின் மையத்தில் ஹீட்டர். ஏ.சி. போட்டாலும் போடாவிட்டாலும் ப்ளோயர் ஊதும் காற்று முழுவதும் கூலிங் காயில் பெட்டியைக் கடந்துதான் ஹீட்டருக்குப் போகிறது. நடுப்பெட்டியான கூலிங் காயில் பெட்டியை எடுத்துவிட்டால் ப்ளோயரின் வாய்க்கும் ஹீட்டரின் வாய்க்கும் இடையே ஒரு பெரிய இடைவெளி விழும். காற்று அங்கேயே சிதறி, கையுறைப் பெட்டியின் பின்புறமும் பயணியின் முழங்காலிலும் போய்விடும். கண்ணாடிக்குப் போக வேண்டியது வெறும் மூச்சுக்காற்று அளவாகத்தான் போகும்.

எங்கள் வண்டியில் நடந்தது அதுதான். கையுறைப் பெட்டியின் இரு பக்கங்களையும் உள்நோக்கி அழுத்திக் கீழே இறக்கிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தபோது, இரண்டு வாய்களுக்கும் நடுவில் அட்டைப் பெட்டித் துண்டை வளைத்து, பழுப்பு நிறப் பார்சல் டேப்பால் சுற்றியிருந்தார்கள். மலை ஈரத்தில் அட்டை ஊறித் தொய்ந்து, டேப்பின் பசை விட்டு, ஒரு பக்கம் முழுவதும் வாய் பிளந்து நின்றது. சூடும் ஈரமும் மாறி மாறிப் படும் இடத்தில் அட்டையும் பார்சல் டேப்பும் ஒரு பருவம்கூடத் தாங்காது. அவற்றை வைத்தவரிடம் எனக்குக் கோபமில்லை. இந்த இணைப்பு எத்தனை முக்கியமானது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கசிவைக் கண்டுபிடிக்க ஒரு ஊதுபத்தி போதும். ப்ளோயரை இரண்டாம் வேகத்தில் வைத்து, பத்தியை இணைப்புகளின் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். புகை நேராக எழும் இடத்தில் கசிவில்லை. கலைந்து ஒரு பக்கமாகத் தள்ளப்படும் இடத்தில் காற்று வெளியேறுகிறது. நெருப்பு முனை பிளாஸ்டிக்கையோ பஞ்சையோ தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரியான தீர்வு, ஏ.சி. இல்லாத ரகத்தில் அந்த இடைவெளியை இணைக்க நிறுவனமே பொருத்தும் பிளாஸ்டிக் குழல். பழைய உதிரிபாகம் விற்கும் கடைகளில், ஏ.சி. இல்லாத அதே மாடல் வண்டி பிரிக்கப்பட்டிருந்தால் கிடைக்கும். அது கிடைக்காதபோது பழைய கூலிங் காயில் பெட்டியையே காயில் இல்லாமல் மாட்டுவதுதான் அடுத்த சிறந்த வழி. திருகுத் துளைகள் முதற்கொண்டு எல்லாம் அளவாகப் பொருந்தும். பெட்டியில் குழாய்கள் வெளியே போன துளையையும், தண்ணீர் வடியும் துளையையும் மூடினால் போதும். புதிதாகத் தகடு வெட்டி வளைத்துச் செய்வதானால் மெல்லிய அலுமினியத் தகட்டை எடுத்து, ஓரங்களில் ஒட்டும் ரப்பர் நுரைப் பட்டை வைத்து இறுக்குங்கள்.

இணைப்பெல்லாம் சரியாக இருந்தும் காற்று மெலிந்தே இருந்தால், ப்ளோயர் உருளைக்குள் சருகு இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே கற்பூர மரத்து இலைகள் வைப்பருக்குக் கீழுள்ள சல்லடையில் விழுந்து, மழை நீரோடு இறங்கி, உருளையைச் சுற்றிப் படிந்துவிடும். அப்படியானால் ப்ளோயர் ஓடும்போது சரசரவென்ற சத்தமும் கூடவே கேட்கும்.

நான்காம் வேகம் மட்டும் ஓடுகிறது, மற்ற வேகங்களில் ப்ளோயர் நிற்கிறது

ப்ளோயரின் வேகத்தைக் குறைக்கும் ரெஸிஸ்டர், காற்று பட்டுக் குளிர்வதற்காகவே காற்று வழிக்குள் பொருத்தப்பட்டிருக்கும் பகுதி. அந்த வழியைப் பிரித்துவிட்டு அதை வெளியே தொங்கவிட்டாலோ, கசிவினால் அதன் மீது காற்று படாமல் போனாலோ, அது சூடேறி, அதில் உள்ள வெப்பப் பாதுகாப்பு ஃப்யூஸ் உருகிவிடும். முழு வேகத்தில் மின்சாரம் ரெஸிஸ்டரைத் தொடாமல் போவதால் அந்த வேகம் மட்டும் மிஞ்சும். புதிய ரெஸிஸ்டர் போடுவதற்கு முன் காற்று வழியைச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் புதியதும் சில வாரங்களில் போய்விடும்.

எந்த வேகத்திலும் ப்ளோயர் ஓடவில்லை என்றால், ஏ.சி. ஃப்யூஸ் என்று நினைத்து எடுக்கப்பட்டது எது என்று ஃப்யூஸ் பெட்டி மூடியின் உட்புறப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல வண்டிகளில் ஹீட்டருக்கும் ஏ.சி. சுவிட்சுக்கும் ஒரே ஃப்யூஸ்தான்.

காற்று நன்றாக வருகிறது, ஆனால் சூடில்லை

இது பொறுமையாக ஆராய வேண்டிய அறிகுறி. அவசரப்பட்டு ஹீட்டர் கோரை மாற்றுபவர்கள் பலர். எஞ்சினைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, வெப்ப முள் வழக்கமான இடத்துக்கு வந்ததும், ஹீட்டர் லீவரை முழுச் சூட்டில் வைத்து, போனட்டைத் திறந்து ஃபயர்வாலுக்குள் நுழையும் இரண்டு ஹீட்டர் ஹோஸ்களையும் தொட்டுப் பாருங்கள். விசிறியும் பெல்ட்டும் இருக்கும் பக்கம் கையோ சட்டை முனையோ போகாதபடி நில்லுங்கள். ஹோஸை ஒரு நொடிக்கு மேல் பிடிக்க வேண்டாம்.

இரண்டும் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தால், வெந்நீர் ஹீட்டர் கோர் வழியாக நன்றாக ஓடுகிறது, குறை காற்றுப் பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். உள்ளே காற்றை ஹீட்டர் கோரின் மீது திருப்பும் ஃபிளாப்பின் கேபிள், நடுப்பெட்டியைக் கழற்றும்போது பிடியிலிருந்து விலகியிருக்கும். லீவரை நகர்த்தும்போது எதிர்ப்பே இல்லாமல் தளர்வாகப் போனால் இதுதான் காரணம். கேபிளின் உறையைப் பிடித்திருக்கும் சிறு கிளிப் ஒன்று உண்டு. அது இல்லாமல் கம்பியை மட்டும் கொக்கியில் மாட்டினால் லீவரை நகர்த்தும்போது உறையும் சேர்ந்தே நகரும், ஃபிளாப் அசையாது.

ஒன்று சூடாகவும் மற்றொன்று வெதுவெதுப்பாகவும் இருந்தால், கோரில் அடைப்பு இருக்கிறது அல்லது வெந்நீர் வால்வு முழுவதும் திறக்கவில்லை. வால்வு உள்ள வண்டிகளில் அதன் கேபிளை விலக்கிவிட்டுக் கையாலேயே திறந்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் விடை கிடைக்கும்.

இரண்டுமே குளிர்ந்திருந்தால் நான்கு காரணங்கள் இருக்கலாம். ஹீட்டர் ஹோஸ்களையும் ஏ.சி. குழாய்கள் என்று எண்ணித் துண்டித்து, எஞ்சின் பக்கத்திலேயே ஒன்றோடொன்று வளைத்து இணைத்துவிட்டிருக்கலாம். ஏ.சி. குழாய்கள் அலுமினியத்தால் ஆனவை, அவற்றின் இணைப்பு நட்டால் இறுக்கப்பட்டிருக்கும். ஒன்று சுண்டுவிரலைவிட மெல்லியது, மற்றொன்று சற்றுத் தடித்தது. ஹீட்டர் ஹோஸ்களோ கட்டைவிரல் தடிமனில் இரண்டும் ஒரே அளவான கறுப்பு ரப்பர், முனையில் கிளிப். அடையாளம் தெரிந்தவர்கள் குழம்ப மாட்டார்கள், ஆனால் குழம்பிய வேலைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த காரணம் கூலண்டுக்குள் சிக்கிய காற்று. கண்டென்சரை எடுக்கும்போது ரேடியேட்டரையும் இறக்கியிருந்தால் கூலண்ட் வடிந்து, மீண்டும் நிரப்பும்போது காற்றுக் குமிழ் உள்ளே தங்கிவிடும். பல வண்டிகளில் ஹீட்டர் கோர் உயரமான இடத்தில் இருப்பதால் குமிழ் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். டேஷ்போர்டுக்குள் தண்ணீர் கொப்பளிக்கும் ஒலி கேட்கும். எஞ்சின் முழுவதும் ஆறிய நிலையில், வண்டியின் மூக்கு மேல்நோக்கி இருக்குமாறு சரிவில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடி எஞ்சினை ஓடவிடுங்கள். கூலண்ட் இறங்க இறங்க நிரப்பிக்கொண்டே வந்து, குமிழ்கள் நின்று தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் கூலண்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) திறந்ததும் மூடியை மூடுங்கள். சூடான எஞ்சினில் எக்காரணம் கொண்டும் மூடியைத் திறக்கக் கூடாது. ஊட்டியின் உயரமான சுமார் 2,240 மீட்டரில் வெறும் தண்ணீர் 93 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கொதித்துவிடும். மூடி தரும் அழுத்தமும் கூலண்ட் கலவையும்தான் அதைக் கொதிக்காமல் வைத்திருக்கின்றன. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மலைமேல் அதன் விளைவு சமவெளியில் தெரிவதைவிட விரைவில் தெரியும்.

மூன்றாவது காரணம், தெர்மோஸ்டாட்டே இல்லாத எஞ்சின். வண்டி சூடாகக் கூடாது என்பதற்காகத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம் சமவெளிப் பட்டறைகள் பலவற்றில் இருக்கிறது. தெர்மோஸ்டாட் பொதுவாக 82 முதல் 88 டிகிரிக்குள் திறந்து, அதற்குக் கீழே எஞ்சின் குளிர்ந்துவிடாமல் காக்கிறது. அது இல்லாத வண்டி கோயம்புத்தூரில் நன்றாகவே ஓடும். குன்னூர் மலைப்பாதையில் ஏறும்போதுகூட ஹீட்டர் ஓரளவு வேலை செய்யும். ஆனால் கியரில் இறங்கும்போதும், ஊட்டியில் அதிகாலையில் மெதுவாக ஓட்டும்போதும் கூலண்ட் ஐம்பது டிகிரியைத் தாண்டவே திணறும். வெப்ப முள் எப்போதும் அடியிலேயே கிடந்தால், ஏ.சி. கழற்றியதன் மீது பழி போடாமல் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். எங்கள் வண்டியில் அது இல்லை. எப்போது எடுத்தார்கள் என்றும் எனக்குத் தெரியவில்லை. புதியது போட்ட அன்று மாலைதான் என் தாயார் பின் இருக்கையில் சால்வையைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். நான்காவது காரணமான வாட்டர் பம்ப்பைப் பெல்ட் பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

முன் கண்ணாடியில் உள்ளே ஆவி படிகிறது, துடைத்தாலும் திரும்ப வருகிறது

ஏ.சி.யை எடுத்தவர்கள் உண்மையில் இழப்பது இதைத்தான். கூலிங் காயிலைக் கடக்கும் காற்றிலுள்ள ஈரம் காயிலின் மீது நீராகப் படிந்து வடிந்துவிடும், அதனால் ஏ.சி. வண்டியில் சில நொடிகளில் கண்ணாடி தெளியும். ஏ.சி. இல்லாதபோது அதே வேலையைச் சூட்டாலும் வெளிக்காற்றாலும் செய்ய வேண்டும், செய்யவும் முடியும். 10 டிகிரியில் ஈரத்தால் நிறைந்த காற்று ஒரு கன மீட்டருக்குச் சுமார் 9.4 கிராம் நீராவியைக் கொண்டிருக்கும்; 30 டிகிரியில் காற்று சுமார் 30 கிராம் வரை தாங்கும். ஆகவே வெளியே மூடுபனியாகவே இருந்தாலும், அந்தக் காற்றை இழுத்து 30 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கி, கண்ணாடியிலுள்ள நீரைக் குடிக்கத் தொடங்கிவிடும். உள்காற்றையே சுழலவிட்டால் நம் மூச்சின் ஈரம் அதில் சேர்ந்துகொண்டே போகும். எத்தனை சூடாக்கினாலும் பயனில்லை.

இதனால் முதலில் பார்க்க வேண்டியது வெளிக்காற்று ஃபிளாப். நடுப்பெட்டியைக் கழற்றியவர்கள் ப்ளோயர் மீதுள்ள அந்த ஃபிளாப்பின் கேபிளையும் கழற்றி, திரும்ப மாட்டாமல் விட்டிருக்கலாம்; லீவர் வெளிக்காற்று என்று காட்டும், ஃபிளாப் உள்காற்றிலேயே நிற்கும். ப்ளோயரை முழு வேகத்தில் வைத்து, வைப்பருக்குக் கீழுள்ள சல்லடையின் மீது செய்தித்தாள் துண்டு ஒன்றை வையுங்கள். அது ஒட்டிக்கொண்டால் வெளிக்காற்று உள்ளே போகிறது. நழுவி விழுந்தால் ஃபிளாப் மூடியிருக்கிறது.

அடுத்து கண்ணாடியை விரலால் தேய்த்துப் பாருங்கள். படிந்தது வெறும் நீராக இருந்தால் விரல் சென்ற தடம் தெளிவாகும். எண்ணெய்போல வழுவழுப்பாக இழுபட்டு, இனிப்பு கலந்த வாடை அடித்தால், அது கூலண்டின் ஆவி. ஹீட்டர் கோரோ அதன் இணைப்போ உள்ளே கசிகிறது. பயணியின் கால் பக்க விரிப்பைத் தூக்கி அடியிலுள்ள பஞ்சை அழுத்துங்கள். பச்சையாகவோ சிவப்பாகவோ ஈரம் வந்தால் சந்தேகமே வேண்டாம். பழைய கோரின் பித்தளை அல்லது அலுமினிய முனைகள், ஹோஸைப் பிடுங்கும்போது கொடுக்கும் முறுக்கில் விரிசல் விடக்கூடியவை; ஆகவே ஹோஸ் வராவிட்டால் அதை நீளவாக்கில் கீறி உரிப்பதே முறை, முறுக்கக் கூடாது. கூலண்ட் விஷம், வீட்டில் நாயும் பூனையும் இருந்தால், சொட்டியதை அன்றே கழுவிவிடுங்கள்.

அழுத்திய பஞ்சிலிருந்து நிறமற்ற தண்ணீர் வந்தால், ஏ.சி. குழாய்கள் எடுத்த துளை வழியாகவோ, சருகு அடைத்த சல்லடைத் தொட்டி நிரம்பியோ மழை நீர் உள்ளே வருகிறது. விரிப்பு நனைந்திருக்கும் வரை எந்த ஹீட்டராலும் கண்ணாடியைக் காய வைக்க முடியாது. விரிப்பையும் பஞ்சையும் வெளியே எடுத்து இரண்டு நாள் வெயிலில் போட்ட பிறகுதான் மற்ற முயற்சிகள் எதற்கும் பொருள் இருக்கும்.

இவை எல்லாம் சரியான பின், ஓட்டும் முறையும் மாற வேண்டும். கண்ணாடியின் உட்புறத்தில் படிந்த புகைப்படலம் ஆவிக்குப் பிடிப்பாகிறது. வாரம் ஒருமுறை அதைத் துணியால் சுத்தமாகத் துடையுங்கள். கிளம்பும்போது லீவரைக் கண்ணாடிக்கும் வெளிக்காற்றுக்கும் திருப்பி, பின் கண்ணாடி ஒன்றை ஒரு விரல் அகலம் இறக்கி வையுங்கள். உள்ளே வரும் காற்று வெளியே போக வழி இருந்தால்தான் புதிய காற்று வரும். எஞ்சின் சூடாகும் முன் ப்ளோயரை முழு வேகத்தில் வைப்பதால் பயனில்லை; மலைப்பாதையின் முதல் இரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டுங்கள், கண்ணாடி தெளிவாகத் தெரியாவிட்டால் ஓரமாக நிறுத்திக் காத்திருங்கள்.

எஞ்சின் வழக்கத்தைவிடச் சூடாகிறது

கண்டென்சரை எடுத்தால் ரேடியேட்டருக்குக் காற்று கூடுதலாகத்தான் கிடைக்க வேண்டும். அப்படியிருந்தும் சூடானால், பெல்ட்டையும் விசிறியையும் சந்தேகியுங்கள்.

கம்ப்ரஸருக்கென்று தனிப் பெல்ட் இருந்தால் அதைக் கழற்றுவதில் சிக்கல் எதுவும் இல்லை. ஒரே நீளப் பெல்ட் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்ப்பையும் கம்ப்ரஸரையும் சேர்த்து ஓட்டும் வண்டிகளில்தான் தவறு நேர்கிறது. கம்ப்ரஸரை எடுத்துவிட்டு அளவு குறைந்த பெல்ட் போட்டால், வாட்டர் பம்ப் புல்லியை அது சுற்றியிருக்கும் வளைவு குறைந்து, வேகம் எடுக்கும்போது வழுக்கும். கூலண்ட் ஓட்டம் குறைந்து எஞ்சின் சூடாகும், அதே நேரம் ஹீட்டர் குளிரும். முள் மேலே போகும்போது ஹீட்டர் காற்று ஆறிக்கொண்டு வந்தால், வண்டியை உடனே நிறுத்துங்கள். இன்னும் மோசமானது பெல்ட்டின் பின்புறம் பம்ப் புல்லியில் படும்படி மாட்டுவது, அப்போது பம்ப் எதிர்த்திசையில் சுழலும். கம்ப்ரஸர் இருந்த இடத்தில் அதே அளவிலான வெற்றுப் புல்லி பொருத்தி, பழைய பெல்ட்டையே பயன்படுத்துவது நல்லது.

கம்ப்ரஸரைக் கழற்றாமல் அப்படியே விடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முன்னால் மின் கிளட்ச் உள்ள கம்ப்ரஸரில், கிளட்ச்சுக்கு மின்சாரம் போகாதபோது புல்லி மட்டும் பேரிங்கில் சுழலும். பேரிங் சத்தமின்றி இருந்தால் விட்டுவிடலாம். கிளட்ச் இல்லாத புதுவகைக் கம்ப்ரஸர்களில் உட்பகுதி எப்போதும் சுழன்றுகொண்டே இருக்கும். அவற்றில் எண்ணெயைச் சுமந்து செல்வதே கேஸ்தான். கேஸ் இல்லாமல் ஓடவிட்டால் ஒரு நாள் இறுகிப் பெல்ட்டை அறுத்துவிடும்.

விசிறி விஷயத்தில், இரண்டு விசிறி உள்ள வண்டிகளில் ஒன்று கண்டென்சருக்கு மட்டும் என்று எண்ணிக் கழற்றிவிடுகிறார்கள். பல வண்டிகளில் எஞ்சின் சூடு கூடும்போது இரண்டும் சேர்ந்தே ஓடும்; இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டரில் இரு கம்பி வெப்ப சுவிட்ச் உள்ள பழைய வண்டிகளில், இக்னிஷனைப் போட்டு, அந்த சுவிட்சின் கனெக்டரைக் கழற்றி இரண்டு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்துப் பாருங்கள். விசிறி ஓடினால் சுவிட்ச் பழுது. ஓடாவிட்டால் ஃப்யூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் தேடுங்கள்.

ஐடிலிங் ஏறுகிறது அல்லது நடுங்குகிறது

கார்புரேட்டர் வண்டிகளில், ஏ.சி. ஓடும்போது ஐடிலிங்கை, அதாவது வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தை, உயர்த்த ஒரு வேக்குவம் வால்வும் மெல்லிய ரப்பர் ஹோஸ்களும் இருக்கும். அந்த ஹோஸின் முனை மூடப்படாமல் தொங்கினால் எஞ்சின் கூடுதல் காற்றை உறிஞ்சி நடுங்கும். சீறல் ஒலி வரும் முனையை விரலால் மூடிப் பாருங்கள். எஞ்சின் அமைதியானால் அங்கே ரப்பர் மூடி போட்டு கிளிப் வையுங்கள். கார்புரேட்டருக்குப் பதிலாகக் கணினி வழியாகப் பெட்ரோலைத் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில், கேஸ் அழுத்தத்தைக் கவனிக்கும், கழற்றிய பிரஷர் சுவிட்சின் கனெக்டரில் யாராவது கம்பி வைத்து இணைத்திருந்தால், ஏ.சி. பொத்தானை அழுத்தியதும் கம்ப்ரஸர் ஓடுகிறது என்று எண்ணி எஞ்சின் கணினி ஐடிலிங்கை உயர்த்தும். அந்த இணைப்பை நீக்கினாலே சரியாகிவிடும். கம்ப்ரஸர் கிளட்ச்சுக்குப் போன ஒற்றை வயர் பாடியில் உரசினால் ஃப்யூஸ் போகும். அதன் ரிலேயையும் கழற்றிவிட்டு, முனையை வெப்பத்தில் சுருங்கும் உறையால் மூடிக் கட்டுங்கள்.

தானியங்கி வெப்பக் கட்டுப்பாடு உள்ள வண்டிகளில் கூலிங் காயிலில் செருகியிருக்கும் சென்சாரைத் துண்டித்தால் கட்டுப்பாட்டுப் பெட்டி குழம்பி ஃபிளாப்புகளையும் தவறாக இயக்கலாம். அத்தகைய வண்டிகளில் சென்சாரை அதன் கனெக்டரோடு பெட்டிக்குள்ளேயே விட்டுவிடுங்கள்.

உள்ளே புகை வாடை அடிக்கிறது

இதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. ஏ.சி. குழாய்கள் போன துளையும் தண்ணீர் வடிந்த துளையும் ஃபயர்வாலில் திறந்திருந்தால், எஞ்சின் அறையிலுள்ள புகை உள்ளே வரும். வாடை தெரிவது புகையின் மற்றப் பொருட்களால்தான். உயிரைக் குடிக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, குழந்தைகளைத் தூங்க வைத்துக்கொண்டு இரவில் மலையேறும் வண்டியில் இது என்ன செய்யும் என்பதை நினைத்துப் பாருங்கள். இரவில் ஒருவர் எஞ்சின் அறையில் டார்ச் அடிக்க, மற்றவர் உள்ளே விளக்கை அணைத்துவிட்டு டேஷ்போர்டுக்கு அடியில் தலையை வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு துளையும் வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். பெரிய துளைக்குத் தகடு வெட்டி, சுற்றிலும் சீலண்ட் தடவி, திருகிட்டு மூடுங்கள். சிறிய துளைக்குச் சரியான அளவு ரப்பர் மூடி போதும். துணி, பஞ்சு, தெர்மாகோல் எதையும் அடைக்கக் கூடாது; சைலன்சர் பக்கத்துச் சூட்டில் அவை கருகும். மூடிய பிறகும் வாடை தொடர்ந்தால் துளையை விட்டுவிட்டுச் சைலன்சர் மேனிஃபோல்டின் கேஸ்கெட்டைப் பாருங்கள்.

கழற்றிய கம்ப்ரஸரையும் குழாய்களையும் எடைக்குப் போட அவசரப்பட வேண்டாம். கம்ப்ரஸருக்குள் இருக்கும் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுவிடும்; அதனால் கழற்றிய நிமிடமே எல்லா வாய்களிலும் ரப்பர் அடைப்பான் வைத்து, குழாய் முனைகளை மூடி, நட்டுகளையும் பிராக்கெட்டுகளையும் ஒரே பையில் போட்டு, எது எங்கிருந்து வந்தது என்று துணி டேப்பில் எழுதி ஒட்டி வையுங்கள். வண்டியை நாளை சமவெளியில் இருப்பவர் ஒருவர் வாங்கினால் அந்தப் பை அவருக்குப் பயன்படும்.